‘வெள்ளிக்கிழமை வரை’ என்று நினைத்தேன், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று எழுதிவிட்டேன்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கடிதம் எழுதியவருக்கு வயது 26. பதுளைப் பக்கம் பிறந்து, உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவர். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கி, கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறார். துபாயில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் பொருட்கள் இவர்களுடைய களஞ்சியத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை வரை வாடகை இல்லை, சனிக்கிழமை தொடங்கி நாள் கணக்கில் வாடகை. இதைத் தெரிவிக்க இவர் எழுதிய மின்னஞ்சலில் இருந்த வசனம்: ‘ஃப்ரீ ஸ்டோரேஜ் இஸ் அவெய்லபிள் பை ஃப்ரைடே’. வாடிக்கையாளர் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டு, அடுத்த கிழமை புதன்கிழமைதான் பொருட்களை எடுத்தார். பில்லைக் காட்டியதும் இந்த மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பி, கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

முகாமையாளர் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். வாடகையில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதம் என்று இன்னொரு கடிதத்திலும் கையெழுத்துக் கேட்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர், ‘தமிழ் மீடியம் ஆட்களை மெயில் எழுத விட்டால் இப்படித்தான்’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். “அட், ஒன், இன் எல்லாம் எனக்குப் பாடசாலைக் காலத்திலிருந்தே குழப்பம். தமிழில் யோசிக்கும் பழக்கத்தை விட்டால்தான் சரிவரும் என்கிறார்கள். பெரிய தொகை கட்டி ஒரு வருட வகுப்பில் சேரவா, எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்துத் திருத்தவா, அல்லது இந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகவா?” என்று கேட்கிறார்.

ஆங்கில ஆசிரியரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். அதில் இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. நீங்கள் சொல்ல நினைத்ததைத்தான் அது சொல்லவில்லை. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். ஆகவே வாடிக்கையாளர் வாசித்தது, ‘இலவசமாக வைக்கும் வசதி வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்’ என்று. அதற்குப் பிறகு அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? நீங்கள் நினைத்தது ‘வெள்ளிக்கிழமை வரை’. அதற்கு ‘அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதியிருக்க வேண்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆங்கிலம் முழுவதுமே மோசம் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘பை’, ‘அன்டில்’ குழப்பத்தைத் தவிர வேறு எந்தப் பிழையாலும் யாருக்கும் நட்டம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. காலத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்களில் எல்லாப் பிழையும் ஒரே அளவு பாரமானவை அல்ல. ‘ஒன் மன்டே’ என்பதற்குப் பதிலாக ‘இன் மன்டே’ என்று எழுதினால் வாசிப்பவருக்குப் பிழை கண்ணில் படும், அவ்வளவுதான். எந்த நாள் என்பதில் சந்தேகம் வராது. ‘அன்டில்’ எழுத வேண்டிய இடத்தில் ‘பை’ எழுதினால் பிழை யார் கண்ணிலும் படாது, அர்த்தம் மட்டும் மாறிவிடும். பாடசாலையில் இடைவெளி நிரப்புப் பயிற்சியில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான் குறைத்தார்கள். அதனால்தான் எது பயப்பட வேண்டிய பிழை, எது வெறும் அழகுக் குறை என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது முதலில் அர்த்தத்தை மாற்றும் சொற்களில்.

தமிழில் யோசிப்பதால் வந்த பிழையா?

இல்லை. இந்த விஷயத்தில் நீங்கள் தமிழில் இன்னும் கொஞ்சம் கவனமாக யோசித்திருந்தால் தப்பியிருப்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தமிழரும் ‘வரை’யையும் ‘க்குள்’ளையும் மாற்றிப் போடமாட்டார். ‘ஐந்து மணி வரை இருப்பேன்’, ‘ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்’. முதலாவதில் ஒன்று தொடர்ந்துகொண்டே இருந்து அந்த நேரத்தில் நிற்கிறது. இரண்டாவதில் ஒரு காரியம் அந்த நேரம் தாண்டுவதற்கு முன் நடந்து முடிகிறது. ‘அன்டில்’, ‘பை’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அச்சொட்டாக இதுதான்.

இந்தப் பொருத்தம் இவை இரண்டோடு முடியவில்லை. வகுப்புகளில் ‘அட், ஒன், இன்’ மூன்றையும் சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதற்கு முன் நம் பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ‘ஐந்து மணிக்கு’ என்கிறோம், அங்கே ‘அட்’ வருகிறது. ‘திங்களன்று’, ‘போயா அன்று’ (போயா என்பது பௌர்ணமி விடுமுறை) என்கிறோம், அங்கே ‘ஒன்’. ‘மார்ச் மாதத்தில்’, ‘2019 இல்’, ‘காலையில்’ என்கிறோம், அங்கே ‘இன்’. கடிகார நேரத்துக்குக் ‘கு’, நாளுக்கு ‘அன்று’, மாதம் வருடம் போன்ற நீண்ட காலத்துக்கு ‘இல்’. ஆங்கிலம் பெயருக்கு முன்னால் வைக்கும் சொல்லை நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். பிரிப்பு மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்.

பண்டிகைகளில்கூட இது பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சந்தோஷம். ‘கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போவேன்’ என்றால் அந்த நாட்களை ஒட்டிப் போவேன் என்று அர்த்தம், ஆங்கிலத்தில் ‘அட் கிறிஸ்மஸ்’. ‘கிறிஸ்மஸ் அன்று’ என்றால் டிசம்பர் 25 மட்டும்தான், ஆங்கிலத்தில் ‘ஒன் கிறிஸ்மஸ் டே’. பொங்கலுக்கு, பொங்கலன்று என்று சொல்லிப் பாருங்கள், அதே கணக்குத்தான்.

ஒன்று எவ்வளவு காலம் நீள்கிறது என்று சொல்வதிலும் தமிழ் கைகொடுக்கும். ‘மூன்று வருடமாக’ என்ற ‘ஆக’வும், ‘மூன்று நாளுக்கு லீவு’ என்ற ‘கு’வும் ஆங்கிலத்தில் ‘ஃபோர்’. ‘மூன்று நாளுக்குள்’ என்பது ‘விதின்’, ‘மூன்று நாளில்’ என்பது ‘இன்’. கடைசி இரண்டும் உங்கள் வேலையில் முக்கியமானவை. ‘விதின் த்ரீ டேய்ஸ்’ என்று எழுதினால் நாளைக்கே வரலாம் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கலாம். ‘இன் த்ரீ டேய்ஸ்’ என்றால் மூன்று நாள் போன பிறகுதான் எதிர்பார்ப்பார்.

விதிவிலக்குகள் உண்டு. ‘இரவில்’ என்பதற்கு ‘அட் நைட்’ என்றுதான் வரும். ‘காலையில்’ என்பதற்கு ‘இன்’ என்றாலும், கிழமையின் பெயர் சேர்ந்துவிட்டால் நாள்தான் ஆளும்: ‘ஒன் ஃப்ரைடே மோர்னிங்’. ‘போன திங்கள்’, ‘அடுத்த மாதம்’ போன்றவற்றுக்கு முன்னால் ஆங்கிலத்தில் எதுவுமே வராது. நாமும் எதையும் ஒட்டுவதில்லை. ஆனாலும் பலர் வலிந்து ‘ஒன் லாஸ்ட் மன்டே’ என்று எழுதுகிறார்கள். இவற்றைப் போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம், பிழைத்தாலும் நட்டம் இல்லை.

தமிழ் காலை வாரும் இடங்கள்

சில இடங்களில் தமிழை நம்பிப் போகக் கூடாது. நம்முடைய ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு இருக்கும் இடங்கள் அவை.

முதலாவது, ‘முன்’. ‘வெள்ளிக்கிழமைக்கு முன்’, ‘இரண்டு நாளுக்கு முன்’ இரண்டையும் நாம் ஒரே மாதிரிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘பிஃபோர் ஃப்ரைடே’, இரண்டாவது ‘டூ டேய்ஸ் அகோ’. ‘ஐ சென்ட் த இன்வொய்ஸ் பிஃபோர் டூ டேய்ஸ்’ என்ற வசனம் கொழும்பு அலுவலகங்களில் தினமும் எழுதப்படுகிறது. நமக்குள் விளங்கும். வெளிநாட்டில் இருப்பவர் எதற்கு இரண்டு நாள் முன் என்று யோசித்துக்கொண்டிருப்பார். ‘அகோ’ எப்போதும் நாள் கணக்குக்குப் பின்னால்தான் வரும் என்பதையும் கவனியுங்கள். நம்முடைய ‘முன்’ மாதிரியே.

இரண்டாவது, ‘இலிருந்து’. ‘திங்களிலிருந்து லீவு’ என்பதும் ‘2022 இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்பதும் நமக்கு ஒரே அமைப்பு. ஆங்கிலத்தில் இனி வரப்போகும் லீவுக்கு ‘ஃப்ரொம்’, தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ்’ வந்தால் வினையும் மாற வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ்…’ என்று. நாம் தமிழில் ‘வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ ஆம் வேர்க்கிங்’ என்று எழுதிவிடுகிறோம். இது நேர்முகத் தேர்வில் காதில் உறுத்தும் பிழை, வாடிக்கையாளருக்கு நட்டம் வைக்கும் பிழையல்ல.

மூன்றாவது, ‘க்குள்’. தேதி, கிழமை, மணி போல ஒரு புள்ளியோடு வந்தால் ‘பை’. நாள் எண்ணிக்கையோடு வந்தால் ‘விதின்’. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பது ‘பை ஃப்ரைடே’, ‘ஐந்து நாளுக்குள்’ என்பது ‘விதின் ஃபைவ் டேய்ஸ்’. ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதாதீர்கள்.

சரியாக எழுதினாலும் சண்டை வரக்கூடிய இடங்கள்

‘அன்டில்’ போட்டிருந்தால் உங்கள் மின்னஞ்சல் முழுப் பாதுகாப்பாக இருந்திருக்குமா? அதுவும் இல்லை. ‘க்ளோஸ்ட் அன்டில் மன்டே’ என்று கதவில் தொங்கினால் திங்களன்று கடை திறந்திருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வோம். ‘ஃப்ரீ அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் இலவசம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே சொல், ஓரிடத்தில் அந்த நாள் வெளியே, மற்ற இடத்தில் உள்ளே. ‘திங்கள் வரை பூட்டு’ என்று தமிழில் எழுதினாலும் இதே சிக்கல்தான். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘அன்டில் அன்ட் இன்க்ளூடிங்’ என்று எழுதுங்கள். கடைசித் தேதி கொடுக்கும்போது ‘பை’ என்பதைவிட ‘ஒன் ஓர் பிஃபோர்’ இன்னும் உறுதி. வெறும் ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது.

கிழமைப் பெயர் மட்டும் போதாது, தேதியையும் சேருங்கள். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பது வரும் வெள்ளியா, அதற்கடுத்ததா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே ஒத்துப்போவதில்லை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/06 என்று போட்டால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ‘போயாவுக்கு அடுத்த நாள்’ என்று உள்ளூருக்கு எழுதலாம், போயா என்றால் என்ன, அது எப்போது வரும் என்று துபாயில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே 2022 தொடக்கம் அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை. ஆகவே ‘வெள்ளி’ என்று நீங்கள் நினைக்கும் முழு வேலை நாள் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். நேரமும் அப்படித்தான். கொழும்பில் மாலை 5 மணி என்றால் துபாயில் 3.30. எந்த ஊர் நேரம் என்று எழுதிவிடுங்கள்.

இத்தனையையும் சேர்த்து அந்த மின்னஞ்சலை இப்போது எழுதினால், தமிழில் அதன் சாரம் இப்படி இருக்கும்: ‘மார்ச் 14, வெள்ளிக்கிழமை உட்பட அன்று வரை வாடகை இல்லை. மார்ச் 15, சனிக்கிழமை முதல் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை உண்டு. வாடகை இல்லாமல் எடுப்பதானால் மார்ச் 14 அன்று கொழும்பு நேரம் மாலை 4 மணிக்குள் எடுக்கவும்.’ (தேதிகள் உதாரணத்துக்கு.) முதல் வசனத்தில் ‘அன்டில் அன்ட் இன்க்ளூடிங்’, இரண்டாவதில் ‘ஃப்ரொம்’, மூன்றாவதில் ‘பை’. இரண்டாவது வசனத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எப்போது பணம் ஓடத் தொடங்கும் என்று தனியாகச் சொல்லிவிட்டால், முதல் வசனத்தில் ஒரு சொல் பிழைத்தாலும் வாடிக்கையாளர் நின்று உங்களிடம் கேட்பார்.

கணினி திருத்தித் தராதா?

எழுத்துப் பிழையைத் திருத்தும், ‘இன் மன்டே’யைத் திருத்தும். ஆனால் ‘ஃப்ரீ ஸ்டோரேஜ் இஸ் அவெய்லபிள் பை ஃப்ரைடே’ என்பதை அப்படியே விட்டுவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அது ஒழுங்கான ஆங்கிலம்தான். உங்கள் மனதில் ‘வரை’ இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? தமிழ் விளங்கும் செயலியைப் பாவிப்பதானால், ஆங்கில வசனத்தைக் கொடுத்து ‘இதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்’ என்று கேளுங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று திரும்பி வந்தால் பிழை அந்த இடத்திலேயே பிடிபடும். வாடிக்கையாளர் பெயர், விலை, இலக்கங்களை மட்டும் அதற்குள் போடாதீர்கள். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது வேறொரு விளக்கக் கடிதத்தில் கொண்டுபோய் விடலாம்.

வகுப்பு, விளக்கக் கடிதம், வேலை

ஒரு வருட வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். கொழும்பில் நல்ல வகுப்புகள் இருக்கின்றன, ஆனால் பலவற்றில் காலச் சொற்களுக்கு ஒரு பாடம்தான் ஒதுக்குவார்கள், அதுவும் அதே இடைவெளி நிரப்புப் பயிற்சி. உங்களிடம் அதைவிட நல்ல பாடப்புத்தகம் இருக்கிறது: நீங்கள் இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்கள். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, நேரம் அல்லது தேதி வரும் வசனங்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நினைத்த தமிழை எழுதுங்கள். ‘வரை’க்கு எதிரே ‘பை’ இருக்கிறதா, ‘நாளுக்கு முன்’னுக்கு எதிரே ‘பிஃபோர்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும், அது எல்லோருக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகும் வகுப்பு வேண்டுமென்றால், உங்கள் சொந்த மின்னஞ்சல்களை வைத்துச் சொல்லித்தரச் சம்மதிக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

விளக்கக் கடிதத்தில் நடந்ததை நேராக எழுதுங்கள். எந்தச் சொல்லை எழுதினீர்கள், எதை எழுதியிருக்க வேண்டும், இனிமேல் இப்படியான அறிவித்தல்களில் முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் தேதியோடு குறிப்பீர்கள் என்று மூன்று விஷயம் போதும். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, உங்கள் கோப்பில் கடைசி வரை கிடக்கும். வாடகை தொடங்கும் தேதி வேறு எந்த ஆவணத்திலாவது வாடிக்கையாளருக்குப் போயிருக்கிறதா என்றும் தேடுங்கள். களஞ்சிய ஒப்பந்தத்திலோ கட்டண அட்டவணையிலோ இருந்தால், பில் விவகாரம் உங்கள் ஒரு வசனத்தில் மட்டும் தங்கியிருக்காது.

சம்பளத்தில் பிடிக்கும் சம்மதக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இது என் துறை அல்ல, ஆனால் அலுவலக ஊழியர்களுக்கென்று 1954 ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் சட்டம் இருக்கிறது, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு அதில் வரையறைகள் உண்டு. ‘படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேளுங்கள். தமிழும் இலங்கையின் அரசகரும மொழி, அங்கே நீங்கள் தமிழிலேயே பேசலாம், தமிழிலேயே எழுதியும் கொடுக்கலாம்.

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்ன அந்த நபரைப் பற்றி. ஆங்கில மூலம் படித்தவர்களும் ‘பிஃபோர் டூ டேய்ஸ்’ எழுதுவதை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன். அவருக்குப் பதில் சொல்லிச் சக்தியை வீணாக்காதீர்கள். அதேநேரம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் முகாமையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு பிழைக்கு விளக்கம் கேட்கலாம், படித்த மொழியை வைத்து அவமதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

வேலையை விடுவது பற்றி என் கருத்து, இப்போது வேண்டாம். விளக்கக் கடிதம் நிலுவையில் இருக்கும்போது விலகினால், அடுத்த இடத்தில் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஊருக்கே போக விருப்பம் என்றால், இது முடிந்து சில மாதம் கழித்து நிதானமாக முடிவெடுங்கள். அதுவரை, அனுப்பும் பொத்தானை அழுத்த முன், நேரம் வரும் ஒவ்வொரு வசனத்தையும் ஒருமுறை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தக் கொப்பியை எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு. பார்த்துத் திருத்தித் தருகிறேன்.